கிணற்று வீட்டு அறிவிப்பு

ரப்பர் விலை விழத் தொடங்கிய வருஷம் அது. மலாக்கா புங்கா ராயா சாலையில் அச்சுக்கூடம் வைத்திருந்த நாகூர் மீரானுக்கு அதனால் வேலை குறைந்துவிடவில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஜனங்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், கடை திறந்தார்கள், திறந்த கடையை மூடிச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் வேண்டியிருந்தது.

மீரானின் தமிழுக்கு ஊரில் பெயர் இருந்தது. ஒரு துணிக்கடைத் திறப்புக்கு அவர் எழுதிய நோட்டீஸைப் படித்தால், அங்கே துணி விற்கிறார்களா, தர்பார் நடத்துகிறார்களா என்று சந்தேகம் வரும். கடைக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. மீரானுக்கும் பிடித்திருந்தது. அவரே எழுதி, அவரே எழுத்துக் கோத்து, முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற திருப்தியை அவர் மனைவி மஜீதா பின்கட்டிலிருந்து பார்த்துச் சிரிப்பதுண்டு.

ஒருநாள் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் அருளானந்தம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலில் மிதித்து வந்த மனிதர் உட்காரக்கூட இல்லை.

"மிஸ்டர் மீரான், காஜா பெராங்கில சில வீடுகளில டைபாய்டு. கோவிலுக்குப் பின்னால இருக்கிற கிணறுதான் காரணம். தண்ணியைச் சோதிச்சுப் பாத்தாச்சு. சனங்கள் அதில குடிக்கப்படாது. நல்ல தமிழில ஒரு நோட்டீஸ் எழுதித் தாருங்கோ."

"தமிழிலயா?"

"ஓம். செட்டியள்தானே? கோவில், பேர், பொங்கல் எல்லாம் தமிழ்தானே?"

காஜா பெராங் சந்துகளில் இருந்த செட்டிகள் வட்டிக்கடைச் செட்டியார்கள் அல்லர். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். அம்மனைக் கும்பிட்டார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தார்கள். ஆனால் பெண்கள் உடுத்தியது சாரோங்கும் கெபாயாச் சட்டையும். வீட்டில் பேசியது மலாய். அதற்குள் அங்கங்கே அக்கா, மாமா என்று தமிழ் உறவுச் சொற்கள் மட்டும் மிச்சமிருந்தன. இதெல்லாம் மீரானுக்குத் தெரியாததல்ல. ஆனால் 'நல்ல தமிழில்' என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

அன்று மத்தியானமே எழுதி முடித்தார்.

'பொதுஜனங்களுக்கு எச்சரிக்கை. இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், காஜா பெராங் தேவாலயத்தின் பின்புறமுள்ள கூபத்தின் நீர் விஷக்கிருமிகளால் களங்கமுற்றிருப்பது பரிசோதனையில் வெளியாகியிருப்பதால், மேற்படி நீரைப் பானம் செய்தல் பிராணாபத்தை விளைவிக்கும். மீறி நடப்போர் சட்டப்படி தண்டனைக்குள்ளாவர்.'

சாப்பாட்டு நேரத்தில் அதை மஜீதாவுக்குப் படித்துக் காட்டினார்.

"கூபம்னா என்னங்க?"

"கிணறு."

"அப்ப கிணறுன்னே எழுதிட்டாப் போச்சே."

"கிணறுன்னு யார் வேணா எழுதுவான். இது கவர்மெண்டு நோட்டீஸ், மஜீதா."

அவள் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனாள்.

நோட்டீஸ் தாள்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது தெய்வநாயகம் வந்தான். ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. வயது இருபத்தைந்துக்குள்தான். வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அடுத்த மாதம் கல்யாணம், அதற்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்திருந்தான். உள்ளே எல்லாம் மலாய், ஆங்கில எழுத்தில். மேலே ஒரே ஒரு வரி மட்டும் தமிழில், பிள்ளையார் பெயர். அந்த ஒரு வரி தன் பெரியம்மாவுக்காக என்று முன்பே சொல்லியிருந்தான். தாயில்லாப் பிள்ளையான அவனைத் தூக்கி வளர்த்தவள் அந்தப் பெரியம்மா. கோவிலுக்குப் பின்னால் உள்ள வீட்டில் குவே பலகாரம் செய்து விற்கிற நாகம்மா.

அவன் கொடியில் தொங்கிய தாளைப் பார்த்தான். "இது என்ன, இஞ்சே மீரான்?" இஞ்சே என்பது மலாயில் ஐயா மாதிரி. அவர்கள் இருவரும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

மீரான் விஷயத்தைச் சொன்னார். அவன் முகம் யோசனையில் கொஞ்சம் சுருங்கியது. பிறகு சிரித்தான்.

"எங்க சந்துல இதை வாசிக்க யாரு இருக்கா? பூசாரி ஒருத்தர்தான். அவரும் கண்ணாடியத் தொலைச்சுட்டார்."

"தமிழ்ல வேணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க."

"ஒருவிதத்துல நல்லதுதான். மலாய்ல எழுதியிருந்தா பெரியம்மா கிழிச்சுப் போடுவாங்க. தமிழ்ல இருக்கறதால சாமி படத்துக்குப் பக்கத்துல பத்திரமா வைப்பாங்க."

"நீ அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறியா?"

"வேற எதைக் குடிக்கறது? பெரிய ரோட்டுப் பைப்புத் தண்ணி இரும்பு வாடை அடிக்குது. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனா, ஜாடியிலேர்ந்து ஒரு சொம்பு மொண்டு பெரியம்மா கையில வச்சிருப்பாங்க. நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள."

அழைப்பிதழின் மாதிரித் தாளை வாங்கி இரண்டு முறை படித்தான். மணப்பெண் மீனாச்சியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைக் காட்டினான். திருத்திக்கொள்வதாக மீரான் சொன்னார். போகும்போது கொடியில் தொங்கிய நோட்டீஸை இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

நோட்டீஸை அருளானந்தத்தின் ஆட்கள் சந்து முழுக்க ஒட்டினார்கள். கிணற்றில் கிருமி கொல்லும் வெள்ளைப் பொடியும் கொட்டினார்கள். சில நாள் கழித்து அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போன மீரான், தன் எழுத்து எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று சந்துக்குள் நுழைந்தார். ஒரு வீட்டு வாசலில் தாள் தலைகீழாக ஒட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை அதில் காற்றாடி செய்துகொண்டிருந்தது. கிணற்றடியில் மூன்று பெண்கள் வழக்கம்போலத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். பொடியின் நெடி இன்னும் போகவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டே சேந்தினார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நாகம்மா. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, நேரான முதுகு. கிணற்றைத் தோண்டியவர்கள் அவளுடைய முன்னோர்கள். கயிறும் வாளியும் மாற்றுவது, பொங்கலுக்கு முன்னால் இறைத்துச் சுத்தம் செய்வது எல்லாம் அவள் குடும்பத்தின் பொறுப்பு. அதனால் அவள் சந்தில் எல்லோருக்கும் கிணற்று வீட்டு நாகம்மா.

"இஞ்சே மீரான், இந்த எழுத்து உங்களோடதுன்னு தெய்வநாயகம் சொன்னான். அழகா இருக்கு. அவன்கிட்ட கேட்டா சிரிச்சுட்டுப் போறான். என்ன எழுதியிருக்கு?"

அவள் பேசியதும் மலாய்தான். மீரான் மலாயில் சொல்ல ஆரம்பித்தார். கூபமும் களங்கமும் மலாயில் வரவில்லை. கடைசியில், "கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, குடிக்காதீங்கன்னு எழுதியிருக்கு, அக்கா," என்று முடித்தார்.

மற்ற இரண்டு பெண்களும் குடத்தைப் பார்த்தார்கள். நாகம்மா கயிற்றை விடவில்லை.

"என் பாட்டனுக்குப் பாட்டன் தோண்டின கிணறு. இதுல அழுக்கப் போட்டது யாருன்னும் எழுதியிருக்கா?"

"அப்படியில்லக்கா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. மழைத்தண்ணியில எங்கேர்ந்தாவது இறங்கியிருக்கும்."

"கண்ணுக்குத் தெரியாததை அந்த இன்ஸ்பெக்டர் எப்படிப் பார்த்தார்?"

 அவள் வாளியைத் தூக்கிப் பக்கத்துப் பெண்ணின் குடத்தில் ஊற்றினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. வெயில் பட்டு மின்னியது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மீரானுக்கு அந்தத் தெளிவுதான் கண்ணில் நின்றது.

அந்த மாதம் முடியுமுன் தெய்வநாயகத்துக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வெறும் தலைவலி என்று வேலைக்குப் போனான். பிறகு போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவனுக்குப் பேச்சுக் குழறியது. அங்கே கிடந்து, ஒருநாள் தெளிந்து, பெரியம்மாவிடம் கஞ்சி கேட்டான். எல்லோரும் பிழைத்துவிட்டான் என்று நினைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இறந்துபோனான்.

மீரான் அடக்கத்துக்குப் போய் வந்தார். அச்சுக்கூடத்தில் அழைப்பிதழின் எழுத்துகள் கோத்தபடியே இருந்தன. மீனாச்சியின் பெயரில் விட்டுப்போன எழுத்தைச் சேர்த்து வைத்திருந்தார். எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போடக் கை வரவில்லை. மஜீதா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, எந்த அறையில் போடுவது என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். 

அருளானந்தம் மறுபடியும் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னமும் அள்ளுறாங்கள், மிஸ்டர் மீரான். அந்தப் பிள்ளை செத்த பிறகும் அள்ளுறாங்கள். பலகை அடிச்சு மூடலாம். பிறகு அடுத்த சந்துக் கிணத்துக்குப் போவாங்கள், அதுவும் அதே ஊத்துத் தண்ணி. அவங்களுக்கு மனசில படவேணும். எப்பிடிப் படுத்துறது?"

"மலாய்ல எழுதறேன்," என்றார் மீரான். "முதல்லயே அப்படி எழுதியிருக்கணும்."

"எழுதுங்கோ. அந்தப் பெடியன்ர பேரைப் போடுங்கோ. எல்லாருக்கும் தெரிஞ்ச பிள்ளை. அதைவிடப் பலமான சாட்சி வேற என்ன?"

அது சரியென்றே மீரானுக்குப் பட்டது. அன்று அவர் எழுதிய மலாய் நோட்டீஸில் ஒரு அலங்காரமும் இல்லை. தெய்வநாயகம் நல்ல திடகாத்திரமான பிள்ளை. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தவன். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தான். காய்ச்சல் வந்தது. செத்துப்போனான். நீங்களும் அதைத்தான் குடிக்கிறீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் தான் எழுதியதிலேயே பலமான எழுத்து இதுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு கூச்சமும் வந்தது.

மஜீதாவுக்குப் படித்துக் காட்டினார். அவளுக்கும் மலாய் நன்றாகத் தெரியும். கேட்டு முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க. படிக்கிறவங்க பயப்படுவாங்க."

"அதுக்குத்தானே."

"அந்தத் தண்ணிய அவனுக்கு மொண்டு கொடுத்தது யாருங்க?"

மீரான் தாளைப் பார்த்தார்.

"நீங்க எழுதினதுல அவங்க பேரு இல்ல," என்றாள் மஜீதா. "ஆனா ஒவ்வொரு வரியிலயும் அவங்கதான் இருக்காங்க. இதை அவங்க வீட்டுச் சுவத்துலயும் ஒட்டுவாங்கல்ல?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற? எழுதாம விட்டா இன்னொரு பிள்ளை போகும்."

"எழுத வேணாம்னு சொல்லல. அவங்களைக் கேக்காம அச்சடிக்காதீங்க."

மறுநாள் மத்தியானம் மீரான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காஜா பெராங் போனார். நாகம்மா முன்கூடத்தில் தரையில் உட்கார்ந்து பலகாரத்துக்கு மணமூட்டும் பாண்டான் இலை கிழித்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டில் குவே செய்வதில்லை. கை சும்மா இருக்கக்கூடாது என்று கிழித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. வாசலோரம் பெரிய தண்ணீர் ஜாடி மூடியிருந்தது. மூடிமேல் சொம்பு இல்லை.

கொஞ்ச நேரம் தெய்வநாயகத்தைப் பற்றிப் பேசினார்கள். அவன் சின்ன வயசில் தமிழ் வாத்தியார் ஒருவரிடம் நாலு நாள் போய்விட்டு, எழுத்தெல்லாம் சுருண்டு சுருண்டு கிடக்கிறது என்று அழுதுகொண்டு வந்ததைச் சொன்னாள். பிறகு, "பையில ஏதோ தாள் இருக்கு. அதுக்குத்தானே வந்தீங்க? வாசிங்க," என்றாள்.

"வேணாம்க்கா. உங்களைக் கேட்டுட்டு..."

"வாசிங்க."

மீரான் வாசித்தார்.  அவள் இலை கிழிப்பதை நிறுத்தவில்லை. கடைசி வரி முடிந்த பிறகும் அவள் கை ஒரே சீராக நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது.

"இது யாருக்கு எழுதினது?" என்றாள்.

"சந்துக்காரங்களுக்கு."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமே."

மீரானுக்குப் புரியவில்லை.

"எனக்கே தெரியும், இஞ்சே. ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்லும்போது நான் பக்கத்துலதானே நின்னேன். எங்க ஜனங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாம இருக்கலாம். எந்த வீட்ல காய்ச்சல், எந்த வீட்ல இல்ல, எந்த வீட்ல எந்தத் தண்ணின்னு எண்ணிப் பார்க்கத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் இன்னும் எடுக்கறாங்க?"

நாகம்மா இலைகளைச் சேர்த்து ஒரு பக்கம் வைத்தாள்.

"மீனாச்சி வரா. தினம் காலையில வரா. எங்க வீட்டுக்கு வரவேண்டிய பொண்ணு. என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, குடத்துல தண்ணி சேந்திக்கிட்டுப் போறா. அந்த மூலை திரும்பினதும் சாக்கடையில ஊத்திடறா. பின்வாசல்லேர்ந்து நான் பாக்கறேன். அப்புறம் பெரிய ரோட்டுக்கு நடந்து போயி பைப்புல பிடிச்சுக்கிட்டு வரா."

அவள் மடியில் ஒட்டியிருந்த இலைத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள்.

"அவ திடீர்னு வராம இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்? என் முகத்துக்கு நேரா நின்னு, நீதான் அவனுக்கு அந்தத் தண்ணியக் கொடுத்தேன்னு சொல்ற மாதிரி. அதுக்கு அவளுக்கு மனசில்ல. யாருக்கும் மனசில்ல. அதனால எடுக்கறாங்க. சிலபேர் ஊத்திடறாங்க. சிலபேருக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியல, குடிக்கிறாங்க. பிள்ளைங்களும் குடிக்குது."

வெளியே கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டது.  மீரான் தான் எழுதிய இரண்டு நோட்டீஸ்களையும் நினைத்தார். தெரியாதவர்களுக்குத் தெரிவிப்பதாக நினைத்து முதலாவதை எழுதினார். பயப்படாதவர்களைப் பயமுறுத்த இரண்டாவதை எழுதினார். இந்தச் சந்தில் தெரியாதவர்களும் இல்லை, பயப்படாதவர்களும் இல்லை. ஒரு பெண்ணின் மனசு நோகக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து விஷத்தை மொண்டுகொண்டிருந்தார்கள்.

"நீங்க வாயால சொல்லிடலாமே, அக்கா."

"சொல்லிப் பாத்தேன். நீங்க எடுக்க வேணாம்னு மீனாச்சிகிட்டயே சொன்னேன். சொல்லும்போது அழுதுட்டேன். அவ என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, அப்படியெல்லாம் இல்ல, தண்ணி நல்ல தண்ணிதான்னு சொல்லிட்டு, எனக்கு முன்னாலயே ஒரு வாய் குடிச்சுக் காட்டினா. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் மீரானின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "தாள்ல எழுதினா அழத் தேவையில்லையே?"

மீரான் பென்சிலை எடுத்தார். தன் நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தயாரானார்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அவருக்குப் பழக்கம் போகவில்லை. 'எனக்குத் தெரியாது' என்று அவள் சொன்னதை 'அறியாமையால் நேர்ந்துவிட்டது' என்கிற பொருள் வரும்படி மலாயில் கொஞ்சம் உயர்த்தி எழுதினார். படித்துக் காட்டியபோது அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அந்த இடத்துல வேற யாரோ பேசறாங்க."

"கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு..."

"என் குரல் இல்லன்னா மீனாச்சி கண்டுபிடிச்சிடுவா. இஞ்சே மீரான் எழுதிக் கொடுத்தார், பெரியம்மா மனசுல அப்படி இல்லன்னு நினைப்பா. எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார். காய்ச்சலின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அபராதம், சட்டம் என்று ஒரு வரி இருந்தால் ஆபீஸில் சந்தோஷப்படுவார்கள் என்றார். அதற்கும் தலையாட்டி மறுத்தாள். கடைசியில் கிணற்றைப் பற்றி ஒரு வரி சொன்னாள். அது தேவைதானா என்று மீரான் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அருளானந்தம் அச்சுத்தாளை நின்றுகொண்டே படித்தார். அவருக்கு மலாய் தெரியும்.

"டைபாய்டு எண்ட சொல்லே இல்லை. கிருமி இல்லை. சட்டம் எங்க?"

"இல்லை."

அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்த முறை மெதுவாகப் படித்தார். 

"ஆபீஸ் பேரைப் போடாதேயுங்கோ. அச்சடியுங்கோ. செமாபோக்கிலயும் ஒரு கிணத்தில சந்தேகம் இருக்கு. அங்கயும் இதையே ஒட்டலாம். ஒரு கட்டுச் சேத்து அடியுங்கோ."

"செமாபோக்குல நாகம்மா யாருன்னு கேப்பாங்க. அங்க போயி முதல்ல விசாரிக்கணும்," என்றார் மீரான். "அவங்க ஏன் நிறுத்தலைங்கறது வேற காரணமா இருக்கும்."

காரியத்தன்று நாகம்மா வீட்டில் சந்து முழுவதும் கூடியிருந்தது. படைத்து முடித்து, சாப்பிட்டு, வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. மீரானும் மஜீதாவும் வாசலோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நாகம்மா உள்ளிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து மீனாச்சியிடம் நீட்டினாள்.

மீனாச்சி கான்வெண்டில் படித்த பெண். ஒல்லியாக, வெள்ளைக் கெபாயாவில், ஒரு தூணோரம் நின்றிருந்தாள். தாளை வாங்கி முதல் வரியைக் கண்ணால் படித்தாள். நிமிர்ந்து நாகம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசி," என்றாள் நாகம்மா.

மீனாச்சி வாசித்தாள். மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

'நான் கிணற்று வீட்டு நாகம்மா. தெய்வநாயகத்துக்கு இந்தக் கிணற்றுத் தண்ணியை நான்தான் கொடுத்தேன். தினம் கொடுத்தேன். எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். உங்களுக்கும் தெரியும். என் மனசு நோகக்கூடாது என்று நீங்கள் எடுக்கிறீர்கள். நான் பார்க்கிறேன். போதும். நீங்கள் நிறுத்தினால் எனக்குக் கோபமில்லை. நிறுத்தாமல் இன்னொரு பிள்ளை போனால் அதை என்னால் தாங்க முடியாது. பைப்புத் தண்ணி எடுங்கள். கொதிக்க வைத்துக் கொடுங்கள். நான் வாளியைக் கழற்றிவிட்டேன். கிணற்றைத் திட்டாதீர்கள். அது நமக்கு ரொம்ப நாள் நல்ல தண்ணி கொடுத்தது.'

'நான் பார்க்கிறேன்' என்ற இடத்தில் மீனாச்சியின் குரல் நின்றுவிட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. புடவைத் தலைப்பு மாதிரித் தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே வரியிலிருந்து தொடங்கிக் கடைசிவரை வாசித்தாள்.

 ஒரு கிழவர் இருமினார். பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெல்ல அழ ஆரம்பித்தாள். அதில் துக்கத்தைவிட வேறு ஏதோ ஒன்று அதிகமாக இருந்ததாக மஜீதாவுக்குப் பட்டது. ரொம்ப தூரம் சுமந்து வந்த குடத்தை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு மாதிரி.

மீனாச்சி தாளைக் கையில் வைத்துக்கொண்டே நாகம்மாவிடம் வந்தாள்.

"பெரியம்மாவுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது."

"தெரியும். மூலை திரும்பினதும் உன் குடத்துல தண்ணி அலம்பற சத்தமே வராதே."

அன்று சாயங்காலம் கிணற்றடிக்கு யாரும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கப்புறம் சில வீட்டார் சொந்த வாளி கட்டிக் குளிக்க மட்டும் எடுத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. அருளானந்தத்தின் ஆட்கள் பலகை அடிக்க வந்தபோது அடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் கிணற்றின்மேல் ஏற்கெனவே தகரம் போட்டு மூடியிருந்தது. காய்ச்சல் உடனே நிற்கவில்லை. முன்பே குடித்தவர்களில் இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள். மழை ஓய்வதற்குள் சந்தில் புதிதாக யாரும் படுக்கவில்லை. நோட்டீஸ்தான் காரணம் என்று அருளானந்தம் சொன்னார். மீரான் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தன் அச்சுக்கூடத்தில் அடித்ததிலேயே தன்னுடைய சொல் ஒன்றுகூட இல்லாத தாள் அது என்று மட்டும் மஜீதாவிடம் சொன்னார்.

"அதுல ஒரு சொல்லு உங்களோடதுதான்," என்றாள் அவள்.

"எது?"

"எடுத்துட்டீங்களே, அதுதான்."

அதற்குப் பிறகும் துணிக்கடைகளுக்கு அவர் பழையபடியே நோட்டீஸ் எழுதினார். கடைக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் எழுத உட்காருவதற்கு முன், வந்தவரை இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்கத் தொடங்கினார். சிலர் பொறுமையிழந்து, நீங்கள் எழுதினால் போதும் என்றார்கள்.

ஆடி முடிந்து ஒரு காலையில் அவர் பெரிய ரோடு வழியாகச் சைக்கிளில் போனபோது பைப்படியில் நீண்ட வரிசை நின்றது. காஜா பெராங் பெண்கள், சில சீனப் பெண்கள், ஒரு மலாய்க் கிழவி. நடுவில் நாகம்மா இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். சொந்தக் கிணறு வைத்திருந்தவள் அதற்கு முன் ஒருநாளும் தண்ணீருக்கு வரிசையில் நின்றதில்லை. முன்னால் நின்ற மீனாச்சி திரும்பி, தன் இடத்துக்கு வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். நாகம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். மீனாச்சி சும்மா இருக்கவில்லை. வரிசையை விட்டு இறங்கி, குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நாகம்மாவுக்கு அடுத்தபடியாக நின்றுகொண்டாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். மீரானுக்கு அது கேட்கவில்லை. வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவர்களும் நகர்ந்தார்கள்.